கண்டாங்கி, ஆத்தங்குடிக் கல், பணியாரம்: அறிவுசார் சொத்துரிமை ஆராய்ச்சிக்கு நம்ம ஊரில் என்ன இருக்கிறது?

கல்லுக்கட்டிப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். ஊர் காரைக்குடி, இப்போது சென்னையில் சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் வருடம். அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் புதிய கண்டுபிடிப்புகளை வளர்க்கிறதா, கையைக் கட்டுகிறதா என்பதுதான் என் துறை. உலகம் முழுக்க பொருளாதாரக்காரர்களும் சட்டக்காரர்களும் இதைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மருந்து, மென்பொருள், மரபணு. நான் நம் ஊரை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கண்டாங்கிச் சேலைக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று பார்த்தால் ஒரு அத்தியாயம் ஆகிவிடும் என்று கணக்கு.

போன மாதம் லீவில் வந்து ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் அரை நாள் உட்கார்ந்தேன். குறியீடு வந்த பிறகு புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் தறியை விட்டு இறங்காமலே, "புதுசா செஞ்சா அது கண்டாங்கி இல்லைன்னு சொல்லிருவாகளே" என்றார். நான் எழுதி வைத்திருந்த 22 கேள்விகளும் அந்த ஒரு பதிலில் படுத்துவிட்டன.

வழிகாட்டியோ "தரவு எங்கே, தரவு எங்கே" என்கிறார். பதிவு எண்ணிக்கை, விண்ணப்ப எண்ணிக்கை எல்லாம் கையில் இருக்கிறது. ஆனால் எதை அளக்கிறோம் என்றே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. இங்கே நெசவு, கல், சமையல், கல்லூரி என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருக்கிறீர்கள். நீங்களாக இருந்தால் எதைப் பார்ப்பீர்கள்?

தறிக்காரன் மகன்

அந்த நெசவாளர் சொன்னது முக்கால்வாசி சரி. குறியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சேலை இன்ன நூல், இன்ன கட்டம், பேட்டு (கரை) இவ்வளவு அகலம், இன்ன ஊர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதியதுதான் பிறகு அளவுகோல். ஆனால் எங்கள் தாத்தா நெய்த கண்டாங்கியும் அப்பா நெய்ததும் ஒன்றா? தாத்தா காலத்துச் சேலை நீளமும் உயரமும் குறைவு, கணுக்காலுக்கு மேலே நிற்கும், கால் நகை தெரிய வேண்டும் என்று அப்படிக் கட்டுவார்களாம். அப்பா காலத்தில் நீளம் கூடியது, ரவிக்கைத் துணி சேர்ந்தது. அரக்கு, மஞ்சள், கறுப்பு என்று இருந்த இடத்தில் இப்போது பெங்களூரில் வேலைக்குப் போகிற பெண்கள் கேட்கிற சாம்பல் நிறமெல்லாம் பாவில் ஏறுகிறது. இதையெல்லாம் எவரும் எங்கேயும் பதிவு செய்யவில்லை. சந்தை கேட்டது, மாற்றினோம், அவ்வளவுதான்.

குறியீட்டால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். வெளியூர்க் கடையில் "கண்டாங்கி" என்று விசைத்தறிச் சேலையை விற்றால் சண்டை போட ஒரு காகிதம் இருக்கிறது. ஆனால் சண்டை போட யார் போவது? ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. கைத்தறிக்கு என்று சில ரகங்களை ஒதுக்கி 1985லேயே சட்டம் இருக்கிறது, அதை மீறி விசைத்தறியில் ஓட்டுவதைத் தடுக்கவே முடியவில்லை. இதில் பெயரை வேறு காப்பாற்ற வேண்டும்.

வெறும் வக்கீல்

தங்கச்சி, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு காப்பாற்றுவது பெயரை. செய்முறையை அல்ல, வடிவத்தை அல்ல. காரைக்குடிக்கு வெளியே ஒருவர் அதே கட்டம் அதே பேட்டோடு நெய்து "கட்டம் போட்ட பருத்திச் சேலை" என்று விற்றால் குறியீட்டுச் சட்டம் அவரை ஒன்றும் செய்யாது. ஆகவே குறியீட்டால் புதுமை வந்ததா என்று கேட்பது, பட்டா வாங்கினதால் வயலில் நெல் கூட விளைந்ததா என்று கேட்கிற மாதிரி. நேரடித் தொடர்பு கிடையாது, சுற்றி வளைத்து இருக்கலாம்.

இன்னொன்று. 1999 சட்டம், 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, பதிவகம் சென்னை கிண்டியில்தான். பதிவு வாங்குவது சங்கமோ கூட்டுறவோ. ஆனால் தனி நெசவாளர் தன் பெயரில் உரிமை கொண்டாட வேண்டுமென்றால் "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்" என்று தனியாகப் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் 500 ரூபாய் இருந்தது, 2020ல் 10 ரூபாய் ஆக்கினார்கள். பத்தே ரூபாய். என்னிடம் வருகிற நெசவாளர்களில் இதைத் தெரிந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆய்வுக்கு எண்ணிக்கை வேண்டுமென்றால் பதிவான குறியீடுகளை எண்ணாதீர்கள், எத்தனை பயனாளர்கள் பதிந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

புதுவயல் மில்

வக்கீலே, பத்து ரூபாய் கட்டணம் சரி, உங்கள் ஃபீஸ் எவ்வளவு அதைச் சொல்லும்.

வெறும் வக்கீல்

வெள்ளைப் பணியாரம் நான்கு, காரச் சட்னியோடு. மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஆத்தங்குடி அச்சு

நான் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்கிறவன். மூன்றாவது தலைமுறை. எனக்குச் சட்டம் தெரியாது, ஆனால் "இது எங்கள் கண்டுபிடிப்பு" என்று எல்லோரும் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். செட்டியார் வீடுகளில் முதலில் போட்டது ஜப்பான் கல், பெல்ஜியம் கல், இங்கிலாந்துக் கல். கப்பலில் வந்தது. உடைந்தால் மாற்றக் கல் கிடைக்காது. அதைப் பார்த்து நாமே செய்தால் என்ன என்று செய்ததுதான் ஆத்தங்குடிக் கல் என்று எங்கள் ஐயா சொல்வார். காப்பிதான், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. ஆனால் எப்படிக் காப்பியடித்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அங்கே சூளையில் சுட்டது, எந்திரத்தில் அழுத்தியது. இங்கே இரண்டும் இல்லை. என்ன செய்தார்கள்? ஒரு கண்ணாடித் துண்டு, சன்னலுக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடி. அதைத் துடைத்து மேலே இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் தகட்டில் செய்த பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கலர் சிமெண்டைக் கரைத்துச் சின்னக் கரண்டியால் ஊற்ற வேண்டும், கை நடுங்கக் கூடாது. ஊற்றி முடித்து அச்சை நேராக மேலே தூக்க வேண்டும், சாய்த்தால் பச்சை சிவப்பில் ஓடிவிடும். பிறகு மணலும் சிமெண்டும் கலந்த காய்ந்த பொடியைத் தூவ வேண்டும், அது மேலே நிற்கிற ஈரத்தைக் குடிக்கும். அதன் மேல் ஈரக் கலவை, கரணையால் சமன் செய்து ஒரு நாள் விட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, வெயிலில் வைத்தால் கண்ணாடி தானாக விட்டுக்கொள்ளும். கண்ணாடி பட்ட முகம் கண்ணாடி மாதிரியே பளபளக்கும். சூளை செய்கிற வேலையை ஒரு சன்னல் கண்ணாடி செய்கிறது! முதன்முதலில் இதை யோசித்தவன் யார் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

கல்லுக்கட்டிப் பொண்ணு

அண்ணே, இது எனக்கு ரொம்ப முக்கியம். பெட்ரா மோசர் என்று ஒரு பொருளாதார வரலாற்று ஆய்வாளர், 1851ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த உலகக் கண்காட்சியின் பொருள் பட்டியலை எடுத்து வைத்து ஆராய்ந்தார். காப்புரிமைப் (பேட்டன்ட்) பதிவேட்டைப் பார்த்தால் பதிந்தவை மட்டும்தானே தெரியும்? கண்காட்சிப் பட்டியலில் பதியாதவையும் தெரியும். அதுதான் அவர் செய்த சாமர்த்தியம். இங்கிலாந்து வைத்த பொருள்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் காப்புரிமை இருந்தது. சுவிட்சர்லாந்து, டென்மார்க் மாதிரி அப்போது காப்புரிமைச் சட்டமே இல்லாத நாடுகள் புதுமையில் பின்தங்கிப் போகவில்லை. ஆனால் கருவிகள், உணவுப் பண்டங்கள் என்று ரகசியமாக வைத்துக்கொள்ள முடிகிற துறைகளாகப் பார்த்துப் போயிருந்தார்கள். அதாவது சட்டம் எவ்வளவு புதுமை என்பதைவிட எந்தத் திசையில் புதுமை என்பதை மாற்றுகிறது என்பது அவர் முடிவு, 2005ல் வெளிவந்தது.

உங்கள் கண்ணாடி வித்தை அதில் எந்தப் பக்கம்? ரகசியமாகவும் இல்லை, பதியவும் இல்லை.

ஆத்தங்குடி அச்சு

ரகசியம் எங்கே வைப்பது? கொட்டகைக்கு நான்கு பக்கமும் சுவர் கிடையாது. வருகிறவன் எல்லாம் போன் எடுத்துப் படம் பிடிக்கிறான். பார்த்துப் போனவன் செய்து பார்க்கட்டும், முதல் ஐம்பது கல்லும் உடையும். கலவையின் பதம் எழுத்தில் வராது.

அச்சு விஷயம் வேறு. புது டிசைன் ஒன்று நான் தகட்டில் வெட்டி எடுக்க நாலு நாள் ஆகும், ஓடுகிறது என்று தெரிந்தால் இரண்டாவது வாரம் பக்கத்துக் கொட்டகையில் அதே பூ இருக்கும். கோபம் வரும். அப்புறம் நானும் அவன் டிசைனை எடுத்திருக்கிறேன் என்று ஞாபகம் வரும்.

வெறும் வக்கீல்

அந்தப் பூவுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம், பத்து வருடம், மேலும் ஐந்து நீட்டிக்கலாம். ஆனால் வெளியே காட்டுவதற்கு முன்னால் பதிய வேண்டும். கொட்டகையில் காயவைத்த அன்றைக்கே புதுமை போய்விட்டது என்று எதிராளி சொல்வார். சரி, பதியவில்லை, ஓவியம் மாதிரி பதிப்புரிமை கேட்கலாமா என்றால், பதிப்புரிமைச் சட்டம் 15ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு குறுக்கே நிற்கும். வடிவமைப்பாகப் பதியத்தக்கதைப் பதியாமல் விட்டு, தொழில் முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உருவாக்கினால் பதிப்புரிமை அற்றுப்போகும். கரண்டியால் ஊற்றுவது தொழில் முறையா என்று ஒரு நாள் முழுக்க வாதாடலாம், நான் தயார், கட்சிக்காரர்தான் தயாராக இருக்க மாட்டார். ஒரு திண்ணைக்குப் போடுகிற கல்லே ஐம்பதைத் தாண்டும்!

எழுதும்போது கவனிக்கவும்: தமிழில் பேட்டன்டுக்கும் காப்புரிமை என்கிறார்கள், காப்பிரைட்டுக்கும் காப்புரிமை என்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் குறியீட்டுக்கும் சேர்த்து அதையே எழுதிவிடுகிறார்கள். "கண்டாங்கிக்குக் காப்புரிமை" என்று போட்ட செய்தியைக் காட்டி என்னிடம் ஒருவர் ராயல்டி கேட்டு வந்தார்.

வாத்தியார் 78

பேட்டன்ட் எண்ணிக்கையைத் தரவாக எடுக்கிறவர்களுக்கு உள்ளிருந்து ஒரு வார்த்தை. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்தேன், பெயர் வேண்டாம். தரவரிசைக்குப் பேட்டன்ட் கணக்கு வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். 2021ல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள், நோக்கம் நல்லதுதான். எங்கள் இடத்தில் என்ன ஆயிற்று? துறைக்கு இத்தனை என்று இலக்கு. விண்ணப்பம் போட்டு அது வெளியானாலே சுவரொட்டி அடித்து, சால்வை போட்டு, "பேட்டன்ட் பெற்றார்" என்று நுழைவாயிலில் பேனர். வெளியாவது வேறு, ஆய்வுக்குப் பிறகு உரிமை வழங்கப்படுவது வேறு என்று கூட்டத்தில் சொன்னேன். முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் துறைக்கு இன்னும் மூன்று பாக்கி என்றார்.

உச்சக்கட்டம் ஒரு டிசைன் பதிவு. மழைநீர் அளக்கிற டப்பா, சோப்பு டப்பா மாதிரி படம். அதில் எட்டுப் பேர் பெயர், எட்டாவது பெயர் என்னுடையது. அந்த டப்பாவை நான் இன்று வரை கண்ணால் பார்த்ததில்லை.

தங்கச்சி, நீங்கள் ஒரு வரைபடம் போட்டு 2021க்குப் பிறகு கோடு மேலே போகிறது, ஆகவே புத்தாக்கம் வளர்ந்தது என்று எழுதினால், அந்தக் கோட்டில் என் சோப்பு டப்பாவும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சிக்ரி ஓய்வு

வாத்தியார் சொல்வதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. நான் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் காலத்தை ஓட்டியவன். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 48ல் நேரு அடிக்கல் நாட்டி, 53 பொங்கலன்று திறந்த இடம். அந்தக் காலத்தில் காரைக்குடியில் மின்வேதியியல் கூடம் வைப்பதே ஒரு கண்டுபிடிப்புதான்.

எங்கள் வேலையில் பேட்டன்டுக்கு அர்த்தம் உண்டு. மின்கலமோ துருத்தடுப்புப் பூச்சோ, கலவை விகிதத்தைக் கட்டுரையில் போட்டுவிட்டால் நாளைக்கு எந்த ஊர் கம்பெனியும் எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் விண்ணப்பம், பிறகு கட்டுரை. அவசரப்பட்டுக் கருத்தரங்கில் பேசிவிட்டு வந்து பிறகு தலையில் அடித்துக்கொண்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பதிந்ததில் எத்தனை தொழிற்சாலைக்குப் போயிற்று என்பதுதான் கேள்வி. ஒரு தொழில்நுட்பத்தை வாங்க வந்தவர்கள் பேட்டன்ட் எண்ணைக் கேட்டதைவிட, "அதைச் செய்த ஆளை இரண்டு மாதம் அனுப்புவீர்களா" என்று கேட்டதுதான் அதிகம். ஆத்தங்குடித் தம்பி சொன்ன பதம்தான். எங்களிடமும் எழுத்தில் வராதது இருந்தது.

வெறும் வக்கீல்

இந்தப் "பதிந்தது ஓடுகிறதா" என்ற கேள்வியை ஒருவர் நீதிமன்றம் வரை கொண்டு போனார். ஷம்நாத் பஷீர், சட்டப் பேராசிரியர், ஸ்பைசி ஐபி என்ற வலைப்பதிவை 2005ல் தொடங்கியவர், 2019ல் இறந்துவிட்டார். நம் சட்டப்படி பேட்டன்ட் வைத்திருப்பவர் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறாரா என்று படிவம் 27ல் சொல்ல வேண்டும். அந்தப் படிவங்களைத் தோண்டிப் பார்த்தால் பலர் தாக்கலே செய்யவில்லை, செய்தவர்களும் பாதியைக் காலியாக விட்டிருந்தார்கள். 2015ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதைத் தொடர்ந்து 2020ல் படிவத்தை மாற்றினார்கள், இன்னும் சுருக்கமாக. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் ஆராய்ச்சி என்றால் அப்படி இருக்க வேண்டும். ஒருவரும் திறக்காத கோப்பைத் திறந்தார்.

ரெங்கூன் பெட்டி

எல்லோரும் சட்டத்தைக் கிண்டல் செய்கிறீர்கள். மஞ்சளுக்கு அமெரிக்காக்காரன் பேட்டன்ட் வாங்கினானே, அப்போது பதிவு இல்லாததால்தானே போச்சு? எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும். செட்டிநாட்டுச் சமையல் முழுவதையும் பதிய வேண்டும். லண்டனில் "செட்டிநாடு சிக்கன்" என்று தக்காளிச் சாறு ஊற்றிக் கொடுக்கிறான்.

வெறும் வக்கீல்

போகவில்லை, ஜெயித்தோம். 1995ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு பேட்டன்ட் கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆர் எதிர்த்தது, 1997ல் ரத்து. ஆனால் எப்படி ஜெயித்தோம்? பாட்டி தடவினாள் என்று சொல்லி அல்ல. சமஸ்கிருத நூல்கள், பழைய மருத்துவ இதழ்க் கட்டுரை என்று 32 ஆதாரங்களைக் கொண்டுபோய்க் காட்டி. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டில் வாய்வழியாக, கைப்பழக்கமாக இருந்த அறிவு கணக்கில் வராது, அச்சில் இருக்க வேண்டும். 2013ல்தான் அந்த விதி மாறியது. மஞ்சள் வழக்குக்குப் பிறகுதான் நம் அரசு பாரம்பரிய அறிவு மின்னூலகம் என்று 2001ல் ஆரம்பித்து, தமிழ்ச் சித்த மருத்துவ நூல்கள் உட்பட மொழிபெயர்த்து வைத்தது. உலகப் பேட்டன்ட் அலுவலகங்கள் அதைப் பார்த்து, ஏற்கனவே இருக்கிறது என்று மறுக்கலாம்.

கவனியுங்கள், அது உங்களுக்கு உரிமை தருகிற ஏற்பாடு அல்ல, மற்றவன் உரிமை எடுக்காமல் தடுக்கிற ஏற்பாடு. நம் சட்டத்திலேயே பாரம்பரிய அறிவுக்குப் பேட்டன்ட் கிடையாது, 3ஆம் பிரிவு பி (p). பெயரும் அப்படித்தான். "மேஜிக் மசாலா" என்ற சொல்லுக்காக இரண்டு பெரிய நூடுல்ஸ் கம்பெனிகள் நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வருடக்கணக்காக மோதின, 2020ல் அது பொதுச்சொல், எவருக்கும் தனி உரிமை இல்லை என்று தீர்ப்பு. "செட்டிநாடு சிக்கன்" என்று எழுதாத ஓட்டல் பலகை தமிழ்நாட்டில் உண்டா? அதை இனி எவன் கட்டிப்போட முடியும்?

பலகாரம் ஆச்சி

நான் பலகாரம் போட்டுப் பிழைக்கிறவள், பள்ளத்தூர்ப் பக்கம். இதைப் பேத்தி படித்துக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். பதியச் சொல்கிறீர்களே, எதைப் பதிவது? வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்பார்கள். ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அந்த அரிசி மேலேயே உளுந்தைக் கோபுரமாக நிற்கிற மட்டும் போடு, அவ்வளவுதான் அளவு. எத்தனை கிராம் என்று எனக்குத் தெரியாது. உளுந்து புதுசா பழசா என்று பார்த்துக் கோபுரம் கொஞ்சம் ஏறும், இறங்கும். ஆட்டின மாவைக் கரண்டியில் எடுத்துக் காய்ந்த எண்ணெயில் ஒன்று விட்டுப் பார்ப்பேன். தானாக எழும்பி நடுவில் உப்பி ஓரம் கலைந்தாற்போல் நின்றால் சரி. எழும்பாவிட்டால் கொஞ்சம் பால் தெளிப்பேன்.

இதை எவர் கேட்டாலும் சொல்லித் தருவேன். ஆனால் என் கையில் கற்றுக்கொண்டு போனவள் என் வாடிக்கை வீட்டிலேயே போய்க் குறைந்த விலைக்குக் கேட்கக் கூடாது. கேட்டால் அவளை அடுத்த கல்யாணத்துக்கு நாங்கள் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டோம். போலீஸ், கோர்ட் ஒன்றும் வேண்டியதில்லை.

கல்லுக்கட்டிப் பொண்ணு

ஆச்சி, உங்கள் பேத்திக்கு ஒரு கும்பிடு. நீங்கள் கடைசியாகச் சொன்னது அப்படியே ஒரு ஆய்வுக் கட்டுரை. 2008ல் ஃபோஷார், ஃபான் ஹிப்பல் என்ற இரண்டு பேர் பிரான்சின் பெரிய சமையல்காரர்களைப் பேட்டி கண்டு எழுதினார்கள். சட்டத்தில் சமையல் குறிப்புக்குப் பாதுகாப்பு இல்லை, ஆனால் அவர்களுக்குள் எழுதாத விதிகள் இருந்தன: ஒருவர் கண்டுபிடித்ததை அப்படியே இன்னொருவர் செய்யக் கூடாது, நம்பிச் சொன்னதை அனுமதி இல்லாமல் மூன்றாம் ஆளுக்குச் சொல்லக் கூடாது, செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். மீறினவனுக்கு அடுத்த தடவை யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் விதி அதிலிருந்து வித்தியாசமாக இருக்கிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம். அங்கே குறிப்பைக் காக்கிறார்கள். நீங்கள் குறிப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வாடிக்கையைக் காக்கிறீர்கள்.

பலகாரம் ஆச்சி

குறிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வீடு இருந்தால்தானே பலகாரம் போட முடியும்.

சிக்ரி ஓய்வு

ஆனால் எல்லாவற்றையும் ஆச்சியின் சமையலறையாக நினைத்துவிட வேண்டாம். மருந்து வேறு. ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கப் பணம் கொட்ட வேண்டும், காப்பியடிக்கக் கொஞ்சம் போதும். அங்கே பேட்டன்ட் இல்லாமல் யார் பணம் போடுவார்?

வெறும் வக்கீல்

ஐயா, அதையும் நாம் ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறோம். நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959ல் ஒரு அறிக்கை கொடுத்தார். அதன் அடிப்படையில் 1970 சட்டம் வந்தது, மருந்துக்குப் பொருள் பேட்டன்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டும், அதுவும் குறைந்த காலத்துக்கு. அதே மருந்தை வேறு வழியில் செய்யலாம் என்றானதும் நம் ஆட்கள் வேறு வழிகளைத் தேடிப் பழகினார்கள், அதில்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்தால் 2005ல் பொருள் பேட்டன்ட் திரும்பி வந்தது, கூடவே 3ஆம் பிரிவு டி. பழைய மருந்தில் சின்ன மாற்றம் செய்து புதுப் பேட்டன்ட் கேட்டால், பலனும் கூடியிருக்க வேண்டும். நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்து விண்ணப்பத்தை மறுத்தது சென்னை அலுவலகம், பிரிவே செல்லாது என்று அவர்கள் போட்ட வழக்கைத் தள்ளியது சென்னை உயர்நீதிமன்றம், கடைசியில் 2013 ஏப்ரல் 1ல் உச்ச நீதிமன்றமும் பேட்டன்ட் கிடையாது என்றது.

உங்கள் கேள்விக்குப் பதில்: புது மருந்து கண்டுபிடிக்க அந்தச் சட்டம் உதவவில்லை என்பது நிஜம். மலிவாகச் செய்யும் வித்தையை வளர்த்தது. மோசர் சொன்ன "திசை" இங்கேயும் வருகிறது. மொத்தத்தில் நல்லதா கெட்டதா என்று கேட்டால், ஃபிரிட்ஸ் மக்லப் 1958ல் அமெரிக்க செனட்டுக்கு எழுதியதை இன்று வரை எவரும் தாண்டவில்லை: இப்படி ஒரு முறை இல்லாதிருந்தால், கையில் இருக்கிற அறிவை வைத்து அதைக் கொண்டுவரச் சொல்வது பொறுப்பற்றது, இருக்கிறபடியால் ஒழிக்கச் சொல்வதும் பொறுப்பற்றது என்ற கருத்தில் எழுதினார்.

புதுவயல் மில்

அறுபது வருஷத்துக்கு மேல் ஆராய்ச்சி செய்து "இருக்கட்டும், பார்க்கலாம்"தானா. இதைச் சொல்ல எங்கள் மாமனார் போதுமே.

தறிக்காரன் மகன்

தங்கச்சிக்கு ஒரு யோசனை. எங்கள் வீட்டில் தாத்தா வைத்த மாதிரித் துண்டுகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு புது வண்ணமோ கட்டமோ ஏற்றும்போது சாண் அளவு வெட்டி வைப்பார். சிலவற்றில் யார் கேட்டார்கள், எந்த வீட்டுக் கல்யாணம் என்று துண்டுச் சீட்டு குத்தியிருக்கும். குண்டூசி துருப்பிடித்துத் துணியில் ஓட்டை. அப்பா அவ்வளவு ஒழுங்கு கிடையாது, ஆனால் அவருடையதும் கொஞ்சம் இருக்கிறது. 2019க்கு முன் பின் என்று நீங்கள் தேடுவது பதிவகத்தில் இருக்காது, அந்தப் பெட்டியில் இருக்கலாம்.

கல்லுக்கட்டிப் பொண்ணு

அண்ணே, இது உங்கள் கண்காட்சிப் பட்டியல்! கிரிஸ்டல் பேலஸ் காரைக்குடியில் தகரப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. தேதி போட்ட சீட்டு இருக்கிறதா? வழிகாட்டியிடம் தரவு என்று சொல்லி இதைத்தான் காட்டப் போகிறேன், என்ன சொல்கிறார் பார்க்கலாம். ஆத்தங்குடி அண்ணே, உங்களிடமும் பழைய அச்சுகள் இருக்கும்தானே? எந்த டிசைன் எந்தக் கொட்டகையில் முதலில் வந்தது, எங்கே பரவியது என்று அச்சுகளை வைத்துச் சொல்ல முடியுமா?

ஒன்றை முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன். நான் இதையெல்லாம் படமெடுத்து எழுதி வெளியிட்டால், மஞ்சள் கதை மாதிரி வேறு எவனும் உரிமை கேட்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து எவன் வேண்டுமானாலும் எடுத்து எந்திரத்தில் அடித்துக்கொள்ளலாம். எழுதினாலும் நஷ்டம் உங்களுக்கு, எழுதாவிட்டாலும் நஷ்டம் உங்களுக்கு. உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு படம்கூடப் போட மாட்டேன்.

தறிக்காரன் மகன்

பழைய சீட்டுகளில் தமிழ் மாதமும் வருடப் பெயரும் இருக்கும், பிரமோதூத, பிரஜோற்பத்தி என்று. பஞ்சாங்கத்தோடு வாருங்கள். படம் பற்றி அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன். அவர் தலையை ஆட்டினால் ஆம் என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம்.

ஆத்தங்குடி அச்சு

பரணில் நாற்பதுக்கு மேல் அச்சு கிடக்கிறது. சிலது ஐயா வெட்டியது, சிலது பக்கத்துக் கொட்டகையில் கைமாற்றாக வாங்கித் திருப்பிக் கொடுக்காதது, அதை எழுத வேண்டாம். படம் எடுங்கள், ஆனால் கல்லை எடுங்கள், அச்சை எடுக்காதீர்கள். ஐப்பசியில் வராதீர்கள், மழையில் கல் காயாது, நாங்களும் கொட்டகையில் இருக்க மாட்டோம். தை பிறந்து வாருங்கள். எல்லாம் துருவேறிக் கிடக்கிறது, துடைக்க இங்கே ஆள் இல்லை, பழைய துணி நாலு கொண்டு வாருங்கள்.